நாலாம் சுற்று

முதல் சுற்றில் நூற்று அறுபதாயிரம் வெள்ளி.
கை தூக்க ஆளில்லை.
இரண்டாவதில் பத்து விழுக்காடு இறங்கியது,
மூன்றாவதில் இன்னும் பத்து.

லெலோங் அறையில் எல்லாரும் தெரிந்த முகம்தான்:
பழைய இரும்பு ஆ சூன்,
பென்ஷன் வாங்கிய ஒரு தலைமையாசிரியர்,
கூலிமிலிருந்து மகனோடு வரும் பல் வைத்தியர்,
டயர்க்கடை நான்.
பேசி வைத்துக்கொண்டதில்லை.
பந்தியில் இலை விழும்வரை யார் பேசுவார்?
பேங்க் டிராப்டை மடியில் வைத்துக்கொண்டு
காற்றாடியைப் பார்த்தபடி இருந்தோம்,
விலை பழுத்துத் தானாய் விழட்டும் என்று.

தாமான் செம்பாக்கா, ஆறாம் லோரோங், பதினேழாம் எண்.
பாடாங் செராய்க்கு வெளியே
மூன்றாம் டிவிஷன் ரப்பர் நின்ற மேட்டில்
ஒற்றை மாடி வரிசைவீடு.
பத்திரத்தில் குணசீலன் த/பெ சன்னாசி.
உள்ளது உள்ளபடி விற்கப்படும் என்கிறது அறிவிப்பு.
உள்ளே ஆள் இருந்தால்
அது வாங்குகிறவன் பாடு.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன்.
சுவர் வெடிப்பு, கூரை ஒழுகல், சாக்கடை அடைப்பு,
வெளியிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம்.
ஈரக் கையோடு வந்த பெண் கேட்டாள்:
"தெனாகாவா?"
என் கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது.
ஆமாம் என்றேன்.
கேட்டைத் திறந்துவிட்டாள்.

பொய் சொன்னவன் அதற்குரிய வேலையையும் செய்யவேண்டுமே.
மீட்டர் முன்னால் நின்று எழுதினேன்:
நாலு, ஒன்று, ஏழு, ஏழு, இரண்டு.
"ரெண்டு மாசம் பாக்கி சார். வெட்டிடாதீங்க.
கையுறை கம்பெனியில ஆள் குறைச்சிட்டாங்க.
அவருக்கு லோரி வேலை அமைஞ்சதும்..."
தலையசைத்தேன்.
அசைத்த தலை அப்படியே உள்ளே எட்டி
ஹால் தரையோடு உடையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டது.

நாலாம் சுற்று.
நூற்றுப் பதினாறாயிரத்து அறுநூற்று நாற்பது.
தலைமையாசிரியர் கை பாதி எழுந்து
மூக்கைச் சொறிந்துகொண்டு இறங்கியது.
என் கை முழுதாய் எழுந்தது.
ஏலக்காரர் மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள்
அடுத்த கோப்பைப் புரட்டியிருந்தார்.

இதற்கு முன் வாங்கிய இரண்டு வீட்டிலும்
ஒயரை உருவிக்கொண்டு போயிருந்தார்கள்,
ஒன்றில் கழிவறைக் கதவையும்.
அது சௌகரியம்.
திட்டிக்கொண்டே வெள்ளையடிக்கலாம்.
இந்த வீடு பெருக்கித் துடைத்துக் கிடந்தது.
குழாயடியில் ஒரு வாளி,
கவிழ்த்து வைத்தது.

பாக்கிக்கென்று முந்நூறு எடுத்துக்கொண்டு
தெனாகாவுக்குப் போனேன்.
முகப்பிலிருந்த பெண் திரையைப் பார்த்து
"கொசோங்" என்றாள்.
பூஜ்யத்துக்கும் காலிக்கும்
மலாயில் ஒரே சொல்.

இப்போது அங்கே எட்டு நேப்பாளிகள்.
அதே கையுறை கம்பெனிதான்
அறுநூற்றைம்பதுக்கு எடுத்திருக்கிறது.
தவணை ஐநூற்று முப்பத்திரண்டு போக
மாதம் நூற்றுப் பதினெட்டு எனக்கு.
கூரைக்கு இன்னும் எதுவும் செய்யவில்லை.

போன புதன்கிழமை பசார் மாலாமில்
கச்சாங் பூத்தே வண்டியில் அந்த ஈரக் கை,
இப்போது உப்புக் கை.
"தெனாகா சார்தானே?
பாக்கியக் கட்டிட்டோம் சார், வீட்ட விட்டுப் போறதுக்கு முன்னாடியே.
அன்னைக்கு வெட்டாம விட்டீங்க,
அவர்கிட்ட சொல்லிட்டே இருப்பேன்."
காகிதக் கூம்பில் ஒரு கரண்டி
கூடுதலாய் விழுந்தது.

இரண்டு வெள்ளி கொடுத்துவிட்டு
மிச்சம் வேண்டாம் என்று நடந்தேன்.
கூட்டத்தில் புகுந்து வந்து
ஐம்பது சென்னைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

கார் சீட்டில் அடுத்த அறிவிப்பு கிடக்கிறது.
லூனாஸ். மூலை வீடு.
இரண்டாம் சுற்றுதான் ஆகியிருக்கிறது.
இன்னும் இறங்கும்.